துரையின் இரண்டாவது கோல்

அந்தப் பூட்ஸ் ஜோடிக்கு என் வீட்டில் ஒருநாளும் நிலையான இடம் கிடைத்ததில்லை. சூரமங்கலத்தில் குடியிருந்தபோது விறகுக்கு மேலே கிடந்தது. ராசிபுரத்தில் நெய் டின்களுக்குப் பின்னால் கிடந்தது. இப்போது அஸ்தம்பட்டியில், மகன் கட்டிய வீட்டில், என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. தோல் விறைத்துப் பலகையாகிவிட்டது. அடியில் ஆணியடித்த தோல் குமிழ்களில் பாதி உதிர்ந்துவிட்டன. என் இரண்டு காலையும் ஒரே பூட்ஸுக்குள் விடலாம், அவ்வளவு பெரிசு. போடவும் முடியாது, விற்கவும் முடியாது, பிறருக்குக் கொடுத்தால் திட்டுவார்கள். "ஏனுங்க, செத்த மாட்டுத் தோல இன்னும் எத்தன வருசத்துக்குக் காவல் காப்பீங்க?" என்று என் மனைவி கேட்காத வருஷமில்லை. கேள்வி நியாயமானதுதான். ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கொண்டு வாசல்வரை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இதை என் தலையில் கட்டிய மனுஷன் கூட இருந்தபோதும் என் உயிரை எடுத்தார், போன பிறகும் விடவில்லை.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்களில் நான் சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கல் சுரங்கத்தில் டைம் கீப்பராக இருந்தேன். அந்தக் கல்லை வெட்டிச் சூளையில் சுட்டுச் சீமைக்கு அனுப்புவார்கள். மண் வெள்ளை, மரம் வெள்ளை, சாயங்காலம் வேலை விட்டு வருகிற ஆட்கள் தலைமுதல் கால்வரை வெள்ளை. பாறையில் துளை போடும் புது மிஷின்கள் ஒருநாள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றை ஓட்டிக் காட்ட ஒரு ஃபோர்மனும் கூடவே வந்தார். அவர்தான் நான் சொல்லவந்த துரை. வெள்ளைத்தோல் என்பதால் துரை என்றோமே தவிர, அவர் இங்கிலீஷ்காரர் இல்லை. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா என்ற தேசம். அங்கேயும் ரயில் கம்பெனிகள் இங்கிலீஷ்காரர்களுடையதாம், அவர்கள் பட்டறையில் மிஷின் வேலை கற்றுக்கொண்டவர். ஆட்கள் 'அமெரிக்காத் தொரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஒவ்வொரு முறையும் நின்று, வெள்ளை மண்ணில் குச்சியால் படம் கீறி, தன் ஊர் எங்கே இருக்கிறது என்று விளக்குவார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். துளை மிஷின் ஓட்டிய ஆள் ஒருவன், எங்கள் பந்தாட்டக் கோஷ்டிக்குக் கேப்டனாக இருந்தவன், படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு முகத்தை வெகு பவ்யமாக வைத்துக்கொண்டு, "அது கெங்கவல்லிக்கு அந்தப் பக்கமுங்களா சாமி?" என்று என்னைக் கேட்பான். இதையும் இங்கிலீஷில் சொல்லு என்பார் துரை. அவருடைய இங்கிலீஷ் பாதிதான், என்னுடையது மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாட்டுக்குத் தனிச் சம்பளம் எவனும் தரவில்லை.

மிஷின் வேலை அவருக்குப் பிழைப்பு, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவர் பந்தாடியே சம்பளம் வாங்கியவர். பந்தை உதைக்கச் சம்பளம் என்றதும் நான் முதலில் நம்பவில்லை. ஆரம்பத்தில் கமுக்கமாகக் கையில் திணித்தார்களாம், பின்னால் சட்டமே போட்டு வெளிப்படையாகக் கொடுத்தார்களாம். கப்பல் துறைக்குப் பக்கத்துச் சந்தில் துணிப்பந்து உதைத்துக்கொண்டிருந்தவரை மீசை முளைக்கிற வயசில் ஒரு கிளப் அழைத்துக்கொண்டது. அவர் கோல் போடுகிறவர் இல்லை, போடவிடாமல் தடுக்கிறவர். அந்த ஊர்ப் பத்திரிகைகள் அவருக்கு 'கதவு' என்று பெயர் வைத்திருந்தனவாம். ஜனங்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டது, மழையில் நனைந்த பந்து தலையில் பட்டு நாள் முழுக்கக் காது இரைந்தது, ரயிலில் மூட்டை மாதிரி அடைத்து வெளியூர் ஆட்டங்களுக்குக் கொண்டுபோனது, முழங்கால் தேய்ந்ததும் கிளப் செயலாளர் கை குலுக்கி வெளியே அனுப்பியது, எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் ஆஜர்ப் பட்டியலைக் கூட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்து மேஜைமேல் உட்காருவார். இத்தனை வருஷ ஆட்டத்தில் அவர் போட்டது ஒரே ஒரு கோல். அந்த ஒரே கோலை நான் எத்தனை தினுசாகக் கேட்டிருக்கிறேன் தெரியுமா! சித்திரையில் சொன்னபோது கோலுக்குப் பக்கத்திலிருந்து அடித்தார். ஆடியில் மைதானத்தின் பாதியிலிருந்து அடித்தார். ஐப்பசியில் காற்று எதிர்த்து வீசியது. நான் கூட்டிய கணக்கு தப்பியதும் மானேஜரிடம் பாட்டு வாங்கியதும்தான் மிச்சம்.

மானேஜருக்குத் தனியாக ஒரு பைத்தியம். வருஷாவருஷம் தைமாசத்தில் எங்கள் சுரங்கத்துக் கோஷ்டிக்கும் ரயில்வேக் கோஷ்டிக்கும் ஒரு பந்தாட்டம் நடக்கும். ஒரு கோப்பை உண்டு. அது ஜங்ஷனில் ரயில்வேக்காரர்களின் கண்ணாடி அலமாரியைவிட்டு வெளியே வந்ததே கிடையாது. ஏற்காட்டில் வெள்ளைக்காரர்கள் கூடுகிற இடத்தில் இதைச் சொல்லி மானேஜரைக் கிண்டல் செய்வார்களாம். ஃபோர்மன் பந்தாட்டக்காரர் என்று தெரிந்ததும் அவரைக் கூப்பிட்டு, என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பச்சையாகச் சொல்லிவிட்டார். மிஷினை ஓட்ட இனி எங்கள் ஆட்களே போதும். இந்தத் தையில் கோப்பை வந்தால் ஃபோர்மன் இருக்கலாம், வராவிட்டால் அவரை ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள். ஊருக்குப் போவதில் என்ன கஷ்டம், நானாக இருந்தால் கோப்பை வேண்டாம் என்று மூட்டை கட்டியிருப்பேன். ஆனால் துரையின் முகம் சுட்ட கல் மாதிரி வெளுத்துப்போனது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கே வேண்டுமானாலும் அனுப்பட்டும், அந்தத் தெருவுக்கு மட்டும் நான் போகமாட்டேன்" என்றார். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கோல் கதையை மறுபடி ஆரம்பித்துவிடுவாரோ என்ற பயம்தான்.

எங்கள் கோஷ்டி ஏன் தோற்றது என்று அவர் முதல்நாளே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் ஆட்களுக்கு ஓட்டத்திலும் பலத்திலும் ஒரு குறையும் இல்லை. பாறை உடைக்கிறவர்கள், வெறுங்காலாலேயே பந்தைக் குளம் தாண்டி அடிப்பார்கள். சங்கதி வேறு. நம் பக்கத்தில் ஒருவர் மேல் நம் கால் பட்டுவிட்டால் என்ன செய்வோம்? சட்டென்று அவரைக் கையால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வோம். எவரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, மூச்சு விடுகிற மாதிரி அது. எங்கள் ஆட்கள் அதைப் பந்தாட்டத்திலும் செய்தார்கள். எதிரியின் காலில் கால் பட்டதா, பந்தை அப்படியே விட்டுவிட்டு நின்று, குனிந்து, அவன் முழங்காலைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் அடுத்த அடி. அதற்குள் ரயில்வேக்காரர்கள் பந்தைக் கொண்டுபோய்க் கோலுக்குள் தள்ளிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பார்கள். இத்தனை வருஷமாகத் தோற்றதற்கு இதுதான் காரணம். இதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்றுகூட அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

துரைக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. முதலில் கத்தினார். அவர் தன் பாஷையில் கத்த, எனக்கு அது புரியாமல் நான் குத்துமதிப்பாக மொழிபெயர்த்துக் கத்த, தொண்டை கட்டிக்கொண்டு வீட்டில் நான் சைகையில் சோறு கேட்டேன். பிறகு தொட்டவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்றார். ஓடினார்கள், ஓடி முடித்து வந்து மறுபடி தொட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொருவன் கையையும் முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டச் சொன்னார். கட்டுகிற வேலையும் எனக்குத்தான். கை கட்டிய ஆட்கள் ஓடினார்கள். கேப்டனின் கால் இன்னொருவன் காலில் பட்டது. தொடக் கையில்லாமல் அவன் நின்ற இடத்திலேயே தவித்து, தலையைக் குனிந்து, "கட்ட அவுத்துடுங் சாமி, ஒருக்காத் தொட்டுக்கிட்டு மறுபடியும் கட்டிக்கறனுங்க" என்று என்னிடம் கெஞ்சினான். பந்து பாட்டுக்கு உருண்டு முள்வேலியில் போய் மாட்டிக்கொண்டது. என் வேட்டியைக் கிழித்துக்கொண்டு அதை எடுத்து வந்தவனும் நான்தான்.

நான் கேப்டனைத் தனியே கூப்பிட்டுக் கண்டித்தேன். ஒரு மனுஷனின் பிழைப்பு போகப்போகிறது, இவர்களுக்குக் கை நிற்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம். அவன் தலையைச் சொறிந்தான். "ஆமாங்க, தொரை நல்லவருதானுங்க. அதுக்காவ ஒருத்தன காலால ஒதச்சுப்போட்டு எம்பாட்டுக்கு ஓடிப்போனா ராத்திரி ஊட்டுல சோறு எறங்குமுங்களா?" என்றான். இதை அப்படியே மொழிபெயர்த்து வையென்று துரை வந்து நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். வழக்கம்போலக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பந்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் அந்தத் தெருவைப் பற்றிச் சொன்னார். இதைத் தமிழில் சொல்லாதே என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அவர் ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த காலம். எதிர்க் கோஷ்டியில் ஒரு இளவட்டம் பந்தோடு பாய்ந்து வந்தான். இவர் போய்த் தடுத்தார். பந்தைத் தடுத்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் தான் குறிபார்த்தது அவன் முழங்காலைத்தான் என்றார். காய்ந்த விறகு மிளாறை ஒடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஜனங்கள் இவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இவர் திரும்பிப் பார்க்காமல் பந்தோடு போய்விட்டார். அதற்குப் பின்னும் சில வருஷம் நன்றாக ஆடினார், சம்பளமும் ஏறியது. அந்தப் பையன் மறுபடி ஓடவேயில்லை. துரையின் வீட்டுத் தெருமுனையில், டிராம் நிற்கிற இடத்தில், கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு லாட்டரிச் சீட்டு விற்றான். இவர் ஒவ்வொரு நாளும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். "அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் அந்த ஊரிலேயே இருந்திருப்பேன். தினமும் தொப்பியைத் தூக்கி எனக்கு வணக்கம் சொன்னான்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் ஆட்களைக் காட்டினார். "இவர்கள் ஒவ்வொரு தடவை குனியும்போதும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. நிறுத்தச் சொல்லு."

எனக்கு இரக்கம் வந்தது, மறைக்கவில்லை. கூடவே எரிச்சலும் வந்தது. ஆயிரம் தடவை ஒரு கோலைச் சொன்ன மனுஷன் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தக் கோலையாவது கொஞ்சம் பொறுமையாகக் கேட்டிருப்பேன். சரி, அவனிடம் மன்னிப்பு என்று ஒரு வரி போய்ச் சொல்லி வரக்கூடாதா என்று கேட்டேன். "என்ன சொல்வது? எங்கள் பாஷையில் அதற்கு உள்ள வார்த்தையைக் காப்பி கொட்டினால்கூடச் சொல்வோம்" என்றார். பந்தைக் கொடுங்கள், நேரமாகிறது என்றேன்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவன் கேப்டன்தான், அதுவும் ஆட்டத்துக்கு முந்தின நாள். "ஏனுங் சாமி, படப்போற காலுக்கு முன்னாடியே தொட்டுப்போட்டா?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் விளக்கினான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எதிர்க் கோஷ்டி அத்தனை பேரையும் வரிசையாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட வேண்டியது. இன்றைக்கு உங்கள்மேல் எங்கள் கால் எத்தனை தடவை பட்டாலும் இதோடு சரி என்று நினைத்துக்கொள்ள வேண்டியது. அப்புறம் மனசில் உறுத்தல் இல்லாமல் ஓடலாம். இத்தனை நாள் இந்த யோசனையை எங்கே வைத்திருந்தான் படுபாவி என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துரையிடம் சொன்னேன். செய்யட்டும் என்றார்.

அடுத்த நாள் காலையில் எங்கள் ஆள் ஒருவனுக்குக் கல் விழுந்து பாதம் வீங்கிவிட்டது. வேறு ஆள் இல்லை. துரையே ஆட வேண்டியதாயிற்று. பெட்டியைத் திறந்து இந்தப் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். மைதானத்தைச் சுற்றிச் சுரங்கத்துக் குடும்பங்கள் பூராவும் திரண்டிருந்தன. மானேஜர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்கள் வரிசையாகப் போய் ரயில்வேக்காரர்களைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தக் கோஷ்டியில் பலர் சட்டைக்காரர்கள், ஆங்கிலோ-இந்தியப் பையன்கள், என்னவோ மந்திரம் போடுகிறார்கள் என்று மிரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்தார்கள். துரை மட்டும் வரிசையில் நிற்கவில்லை. நீங்களும் தொட்டுவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை என்று நான் போய்ச் சொன்னேன். கையை மார்பில் கட்டிக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பிடிவாதம். அன்றைக்கு நான் அவரை இழுத்துக்கொண்டு போயாவது தொட வைத்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

கேப்டனின் யோசனை அப்படிப் பலித்தது! எங்கள் ஆட்கள் இடித்தார்கள், மோதினார்கள், ஒருவன்கூட நிற்கவில்லை. ரயில்வேக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள், கேப்டன் ஒன்று போட்டுச் சமன் செய்தான். ஆட்டம் முடிகிற நேரம். துரை தன் இடத்திலிருந்து ஒரு பந்தைத் தடுத்து, தேய்ந்த முழங்காலை இழுத்துக்கொண்டு, பந்தோடு முன்னால் போகத் தொடங்கினார். எனக்கு அவரிடம் அவ்வளவு வேகம் இருக்கும் என்று தெரியாது. ஒருவனைத் தாண்டினார், இன்னொருவனைத் தாண்டினார். கடைசியாக எதிரே வந்தவன் இஞ்சினுக்குக் கரி தள்ளுகிற ஒல்லிப் பையன். இருவரும் மோதினார்கள். துரையின் பூட்ஸ் அவன் முழங்காலில் பட்ட சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. பையன் அம்மா என்று அலறிக்கொண்டு விழுந்தான். கோல் காக்கிறவன் ஏற்கெனவே தடுமாறி ஒரு பக்கமாகக் கிடந்தான். பந்து துரையின் காலடியில், எதிரே கோல் திறந்து கிடந்தது. நடுவராக இருந்த டிரில் மாஸ்டர் விசில் ஊதவில்லை. ஒரு தட்டுத் தட்டினால் போதும், கோப்பை எங்களுடையது, அவர் அந்தத் தெருவுக்குப் போக வேண்டியதில்லை, வாழ்நாளில் சொல்லிக்கொள்ள இரண்டாவதாக ஒரு கோலும் ஆயிற்று.

துரை நின்றார். பந்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அடியுங்கள், அடியுங்கள் என்று நான் தமிழிலும் இங்கிலீஷிலும் தொண்டை கிழியக் கத்துகிறேன். அவர் அந்தப் பையன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் முழங்காலைக் கையால் தொட்டு, தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பையனுக்குப் பெரிசாக ஒன்றுமில்லை, சிராய்ப்புதான். எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அப்போது அவர்களுக்குப் பந்து கண்ணில் படவேயில்லை. ரயில்வேக்காரர்களுக்குப் பட்டது. எங்கள் பக்கம் கொண்டுபோய்க் கோல் போட்டுவிட்டார்கள். விசில் ஊதியபோது மானேஜரின் கார் ரோட்டில் ஏறிவிட்டிருந்தது. நான் துரையிடம் போய் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். வருஷம் பூராவும் கூடாது கூடாது என்று எங்கள் பிராணனை வாங்கிவிட்டு, ஊரே தொடுவதைக் கைவிட்ட நேரத்தில் நீர் ஒருத்தர் செய்வீரா என்று கேட்டேன். பாதி தமிழில் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. கேப்டன் வந்து என் தோளைப் பிடித்தான். "உடுங் சாமி. அவரு முன்னாடியே தொடலீங்களே" என்றான். அவனுக்கு அது அவ்வளவு சாதாரணக் கணக்கு.

மாசக் கடைசியில் அவரை ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டேன். கேப்டனும் ஆட்களும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள், எல்லோருக்கும் ஆப்சென்ட் போட வேண்டியிருந்தது. துரை ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தார், இந்தப் பூட்ஸ்தான். இனி இது எதற்கு என்றார். எனக்கு மட்டும் எதற்கு? பம்பாய்க்குப் போய்க் கப்பல் பிடிக்கிறேன், நேரே ஊருக்குத்தான் போகிறேன் என்றார். அந்தத் தெருவுக்கா என்றேன். ஆமாம் என்றார். பிறகு பிளாட்பாரத்தில் அத்தனை பேர் பார்க்க, என் முழங்காலைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக் காட்டி, "இப்படித்தானே? சரியாக வருகிறதா?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். அவர் இடது கைக்காரர். மைதானத்திலும் இடது கையால்தான் தொட்டிருக்கிறார், பரபரப்பில் ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலில், "இடது கையால் தொடக்கூடாது ஐயா, வலது கை, வலது கை" என்று கத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டி நகர்கிறவரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கையால் தன் முழங்காலையே தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிப் பழகிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் சண்டை வந்துவிட்டது. அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தாரா, தெருமுனையில் அந்த மனுஷன் இன்னும் இருந்தானா, இவர் குனிந்தபோது அவன் என்ன நினைத்திருப்பான், ஒன்றும் தெரியாது. பாஷை தெரியாத ஊரில் என்னைப் படாத பாடு படுத்தி மொழிபெயர்க்க வைத்தவர், முக்கியமான இடத்தில் மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இல்லாமல் போய் நின்றிருப்பார். போகட்டும், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்றுதானே அதைக் கற்றுக்கொண்டு போனார்.

போன வாரம் டவுன் பஸ்ஸில் ஒரு பையன் என் காலை நன்றாக மிதித்துவிட்டு, சாரி தாத்தா என்று சொல்லி, அந்தச் சொல் முடிவதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனைக் குறை சொல்லவில்லை, நாலு பேருக்கு நடுவில் வேறு என்ன செய்வான். ஆனால் வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு ஆறவில்லை. கடுகடுப்போடு கட்டிலில் போய் உட்கார்ந்தபோது அடியில் கிடந்த பூட்ஸ் காலில் இடித்தது. யோசிக்குமுன் குனிந்திருக்கிறேன், தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டுவிட்டேன். வாசற்படியில் நின்று பார்த்த என் மனைவி, "ஏனுங்க, பூட்ஸுக்கா?" என்றாள். தொட்டது வலது கைதானா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.